ஆமை முட்டையும் ஆடி மாதத்து இடியும்

1

"ஆமைக்குச் சாப்பாடு போடுறதுக்கோ கனடாவுக்குப் போனீங்க?" என்று ஊரிலிருந்து ஒரு ஆள் ஃபோனில் கேட்டார். கேட்டவர் ஆர் என்று எழுதமாட்டேன். வாசித்தால் அவருக்கே தெரியும். அன்றைக்கு நான் மறுமொழி சொல்லவில்லை. கோபம் வந்தால் எனக்கு வாய் கட்டிப்போகும். இப்போது எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான், எழுத்து எழுத்தாகத்தான் கை நகரும். எனக்கு அவசரம் இல்லை. உங்களுக்கும் இராது என்று நினைக்கிறேன்.

முதலில் ஒன்று. வீட்டுக்குள் ஆமை வந்தால் என்ன ஆகும் என்று எங்கட ஆட்கள் எல்லாருக்கும் ஒரு பேச்சு மனப்பாடம். இங்கே வருகிற சனம் செருப்பைக் கழற்றமுதல் அதைத்தான் சொல்லும். எங்கள் வீட்டில் ஆமை இருபது வருசத்துக்கு மேல் இருக்கிறது. அதற்குள் மகள் படித்து முடித்தாள், நல்ல வேலை எடுத்தாள், மொன்றியலில் ரொக்ஸ்பரோவில் வளவோடு வீடு வாங்கினாள். என்ர மனிசன் போனவருசம் போனது நெஞ்சு வருத்தத்தால், ஆமையால் இல்லை. ஆகவே அந்தக் கதையை ஒருவரும் என்னிடம் கொண்டுவர வேண்டாம்.

2

ஆமைகள் மகனுடையவை. சுதன் படிக்கிற காலத்தில் ஒருநாள் ஒரு பெட்டியோடு வந்தான். கூடப் படித்த பெடியன் ஒருவன் வெளியூர் போகிறானாம். "ரெண்டு கிழமைக்குத்தான் அம்மா" என்றான். அந்தப் பெடியன் பிறகு திரும்பிப் பார்க்கவில்லை. மறுகா சுதனும் வேலை என்று கல்கரிக்குப் போனான். "ரெண்டு மாசத்தில வந்து எடுக்கிறன் அம்மா." அவனும் எடுக்கவில்லை. பெடியன் போனான், மகன் போனான், ஆமை இரண்டும் என்னோடு நின்றன.

இது கடலாமை இல்லை, எங்கட வாவிக்கரையில் காண்கிற ஆமையும் இல்லை. தரையில் திரிகிறது. இரண்டு உள்ளங்கையைக் குவித்த அளவு. கபில ஓட்டில் மஞ்சள் கீறல். வயிற்றோட்டில் குறுக்கே ஒரு கீல் இருக்கும், கதவுக் கீல் மாதிரி. பயந்தால் தலையையும் காலையும் இழுத்துக்கொண்டு முன்னும் பின்னும் சாத்திவிடும். ஒரு ஈர்க்குக்கூட உள்ளே போகாது. அதனால்தான் பெட்டி ஆமை என்று பேர். ஆணுக்குக் கண் சிவப்பு. அவனுக்குச் செங்கண்ணன் என்று பேர் வைத்தேன். பெண்ணுக்குப் பொன்னி. மகன் வைத்த பிரெஞ்சுப் பேர்கள் என் வாயில் நிற்கவில்லை.

மாரியில், பனி கொட்டுகிற மாதங்களில், பேஸ்மன்ட்டில் குளிர்ந்த மூலையில் காய்ந்த இலைக்குள் உறங்கப் போட வேண்டும். உறங்கி எழும்பினால்தான் வெயில் காலத்தில் சேரும். ஆனி மாதம் பின்னேரங்களில் பொன்னி வளவு மூலையில் போய் நின்று பின்னங்காலால் கிண்டுவாள். ஒரு கால், மறுகா மற்றக் கால். கையால் செய்கிறமாதிரி அவ்வளவு நிதானம். மூன்று நாலு முட்டை போட்டு மண்ணை மூடி, மேலே வயிற்றால் தேய்த்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவாள்.

ஆனால் இந்த ஊர் மண்ணுக்கு முட்டையைப் பொரிக்க வைக்கிற சூடு இல்லை. சூடு பிடிக்கத் தொடங்க இலை கொட்டத் தொடங்கிவிடும். எடுத்து உள்ளே வைத்துச் சூடு காட்டாவிட்டால் ஒன்றும் மிஞ்சாது. அப்படி வைத்தும் எனக்கு ஒருவருசமும் குஞ்சு வாய்க்கவில்லை. ஒருமுறை பூஞ்சணம். ஒருமுறை காய்ந்து சுருங்கிப்போனது. அடைக்கோழி வைத்து வளவு நிறையக் குஞ்சு கண்டவள் நான். இந்த முட்டைகள் என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருக்கும்.

3

பொன்னியை ஒருமுறை மிருக டொக்டரிடம் கொண்டுபோனோம். வாசலில் இருந்த பெண் பிரெஞ்சில் பேர் என்ன என்று கேட்டாள். பேர் கேட்கிற பிரெஞ்சு எனக்கு நன்றாகத் தெரியும், எத்தனை அரசாங்கக் கந்தோரில் கேட்டிருப்பார்கள். நெஞ்சை நிமிர்த்தி "தெய்வானை" என்றேன். அவள் கேட்டது ஆமையின் பேரை.

அன்றிலிருந்து அவர்களுடைய கம்பியூட்டரில் தெய்வானை என்பது ஒரு ஆமை. பெண். நிறை அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைய. வருசா வருசம் எனக்குத் தபாலில் அட்டை வரும்: தெய்வானையின் நகம் வெட்ட நேரமாகிவிட்டது. மகள் சாந்தி இரண்டுமுறை ஃபோன் எடுத்துத் திருத்தச் சொன்னாள். பேர் மாற்றுவதற்கு உரிமையாளர் நேரில் வந்து கையெழுத்து வைக்க வேணுமாம். உரிமையாளர் ஆர் என்று கேட்டால் அந்த இடத்தில் மகனுடைய பேர். மகன் கல்கரியில். "விடுங்க அம்மா, ஆமைக்கு என்ன பாஸ்போர்ட்டா எடுக்கப்போறம்?" என்றாள். பாஸ்போர்ட் எடுக்கப்போவது ஆமைக்கு இல்லை என்பது சரி. ஆனால் என் பேர் என் பேர்தானே.

அந்த டொக்டர் பெண் நல்லவள். கோழி முட்டை போல இதைப் புரட்டி வைக்கப்படாது, எப்படி விழுந்ததோ அப்படியே வைக்க வேணும் என்று அவள்தான் சொல்லித் தந்தாள். மேல்பக்கம் எது என்று மெல்லப் பென்சிலால் புள்ளி போட்டு வைக்க வேணும்.

4

இந்த வருசம் தைமாதமே சாந்தி சொல்லிவிட்டாள். வீட்டை விற்கிறோம், புரட்டாதி பிறக்க புவாண்ட்-கிளேரில் கொண்டோவுக்கு, அடுக்குமாடி வீட்டுக்குப் போகிறோம். வேலைக்கு நடந்து போகலாமாம். பனி வழிக்க வேண்டாமாம். அப்பாவும் இல்லை, இந்த வளவை ஆர் பார்க்கிறது.

"ஆமை?" என்றேன்.

"அம்மா, அஞ்சாம் மாடியில ஆமையை எங்க மேய விடுறது? கேட்டுப் பாத்தன். பெரிய ஆமை கூடாதாம். இல்-பிசார்ல ஒரு வயதுபோன சோடி இரிக்கினம், ஆமை வளக்கிற ஆக்கள். பெரிய வளவு. அவையள் எடுக்கிறம் எண்டு சொல்லிட்டினம்."

எல்லாம் பேசி முடித்துவிட்டுத்தான் என்னிடம் சொல்கிறாள். இந்த ஊர் வழக்கம் இது. முதலில் முடிவு, மறுகா அபிப்பிராயம் கேட்கிறது.

நான் மூன்று நாள் கதைக்கவில்லை. நாலாம் நாள் சொன்னேன்: "சரி. பெரிசு ரெண்டும் போகட்டும். இந்தமுறை ஒரு குஞ்சு பொரிச்சா அது என்னோட வரும்."

"அம்மா, அது நாப்பது வருசம் இரிக்கும். ஆர் பாக்கிற?"

"நீ."

"எனக்கே அம்பது வரப்போகுது!"

"அப்ப துணைதானே."

சிரித்துவிட்டாள். சிரித்தால் என் பக்கம். "சரி, ஒண்டு. ஒண்டே ஒண்டு. பொரிக்காட்டி இனி ஆமைக் கதை இந்த வீட்டில இல்ல. ஓமா?"

"ஓம்" என்றேன். ஒருநாளும் பொரிக்காத முட்டையை நம்பி வாக்குக் கொடுத்தேன். கொடுத்தபிறகு மாற்றுகிற பழக்கம் எனக்கு இல்லை.

சுதனுக்கும் அறிவித்தோம். அவன் வரவில்லை, ஒரு பெட்டி வந்தது. முட்டை பொரிக்க வைக்கிற மெசின். கண்ணாடி மூடி, உள்ளே மெல்லிய சூடு, முன்னால் சிவப்பு எழுத்தில் நம்பர். நான் அதற்கு அடைப்பெட்டி என்று பேர் வைத்தேன். பூமரக் கடையில் வாங்கிய, பொரி மாதிரி இருக்கிற ஒரு கல்லுத்தூளை நனைத்துப் பிழிந்து பரப்பி, பொன்னியின் நாலு முட்டையையும் பாதி புதைத்து வைத்தேன். நீட்டு முட்டை, வெள்ளை, ஓடு தோல் மாதிரி மெத்தென்று இருக்கும். நாலுக்கும் நெற்றியில் பென்சில் புள்ளி. ஆவணி கடைசியில் பொரிக்கும் என்று டொக்டர் கணக்குச் சொன்னாள்.

5

ஆடியில் என்ர மனிசனுடைய ஆண்டுத் திவசம். அதற்கென்று அவருடைய தங்கை பாக்கியம் மட்டக்களப்பிலிருந்து வந்தாள். இரண்டுமுறை விசா மறுத்து மூன்றாம்முறை கொடுத்தார்கள். மச்சாளுக்கும் எனக்கும் ஒரே வயது, ஒரே வகுப்பு, வகுப்பை விட்டு நின்றதும் ஒரே வருசம். அதனால் எங்களுக்குள் நீ, வா, போ தான்.

வந்த அன்றே அடைப்பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"என்னகா இது? ஆமைக்கு அடை வைக்கிற மெசினா?"

"ஓம்."

"உனக்கு விசர்கா. ஊரில கோழி சும்மா செய்யிற வேலைக்கு இஞ்ச கரண்ட் குடுக்கிற."

அந்த நேரம் பார்த்து டொக்டர் கந்தோரிலிருந்து ஃபோன். சாந்தி எடுத்தாள். "ஓம், தெய்வானை நல்லா இரிக்கிறா. தெய்வானை நாலு முட்டை போட்டிருக்கிறா" என்று ஆங்கிலத்தில் சொல்கிறாள். மச்சாளுக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனால் என் பேரும் 'எக்' என்கிற சொல்லும் தெரியும். திவசத்தன்று வந்த சனம் முழுக்க அந்தக் கதையைத்தான் கேட்டது. "அண்ணன் போய் இப்பதான் ஒருவருசம், இவ நாலு முட்டை போட்டிட்டா" என்று அவள் சொல்ல, ஐயர்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கு முகம் எரிந்தது. அவர் இருந்திருந்தால் அவரும் சிரித்திருப்பார், அதுவேறு.

போகட்டும். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மச்சாள் கேட்டாள்:

"இரும்பு எங்க?"

"என்ன இரும்பு?"

"அடை வைச்ச இடத்தில இரும்புத்துண்டு, கரித்துண்டு வைக்கிறதில்லையா? இடி இடிச்சா கூழ்முட்டையாப் போகும். உங்கட அம்மா எத்தினை ஆணி வைப்பா!"

அம்மா வைத்ததும், நானும் வைத்ததும் எனக்குத் தெரியும். ஆனால் சாந்தி பக்கத்தில் நின்றாள். "அது கோழிக்கு. இது டொக்டர் சொன்னபடி" என்று சொல்லிவிட்டேன். மச்சாள் உதட்டைப் பிதுக்கினாள்.

6

இந்த வருசம் மொன்றியலில் ஆடி முழுக்கப் பின்னேர இடி. மதியம் அவிச்சலாக இருக்கும், பின்னேரம் வானம் கறுத்து வெடிக்கும். ஒருநாள் நானும் சாந்தியும் கண் டொக்டரிடம் போனோம். அவருக்கு அவசர வேலை என்று எங்களைப் பாதியில் திருப்பிவிட்டார்கள். மூன்று மாதம் காத்திருந்த நாள் அது. அந்த எரிச்சலோடு மழையில் நனைந்து வீட்டுக்கு வந்தால், வீட்டில் ஒரு வெளிச்சம் இல்லை. ஃபிரிட்ஜ் சத்தம் இல்லை. மச்சாள் கதிரை ஒன்றில் காலை மேலே தூக்கி வைத்துக்கொண்டு நடுவீட்டில் இருக்கிறாள். ரீவீ வயர், மைக்ரோவேவ் வயர், எல்லாம் கழற்றித் தரையில் கிடக்கிறது.

அடைப்பெட்டியில் சிவப்பு நம்பர் இல்லை.

நான் ஓடிப்போய்க் கையை வைத்தேன். கண்ணாடி பச்சைத் தண்ணியாகக் குளிர்ந்திருந்தது. உள்ளே முட்டைகளுக்குப் பக்கத்தில் மச்சாளுடைய பாக்குவெட்டி கிடந்தது.

"என்ன செய்தனீ?"

"இடி இடிக்குது, கேக்கேல்லயா? வயரைக் கழட்டாமலா இரிக்கிற?"

"இஞ்ச ஒருத்தரும் கழட்டுறதில்ல! இஞ்ச வீட்டுக்கு இடி இறங்காது!"

"இறங்காது எண்டு உனக்கு இடி சொன்னதா? ஊரில எங்கட ஃபிரிட்ஜும் ரீவீயும் ஒண்டா எரிஞ்சதை மறந்திட்டியா? வேணுமெண்டா கூரையும் எரியும்!"

"எத்தினை நாளாக் கழட்டுறாய்?"

"வந்த நாளில இருந்து. இடிக்கிற நேரமெல்லாம். நீங்க ரெண்டுபேரும் வெளிய போற நாளில எல்லாம் நான்தான் இந்த வீட்டைக் காப்பாத்துறன்."

"மறுகா வயரைத் திருப்பிக் கொழுவிறனியா?"

"கொழுவிறன்." கொஞ்சம் யோசித்தாள். "மறந்த நாளும் இரிக்கு. நீ வரமுதல் கொழுவிப்போடுவன்."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுதமாட்டேன். அவளும் கத்தினாள். "அண்ணன்ர திவசத்துக்கு வந்த என்னை ஆமை முட்டைக்காகப் பேசுறாய்" என்றாள். அந்தப் பாக்குவெட்டியை எடுத்து அவளுடைய கட்டிலில் எறிந்தேன். எறிந்தபோது ஒரு சத்தம் வந்தது. அதற்குப்பிறகு இரண்டுபேரும் ஒருவருக்கொருவர் சத்தம் காட்டவில்லை.

சாந்தி டொக்டருக்கு ஃபோன் எடுத்தாள். தொடாமல் வையுங்கள், குளிரால் செத்தாலும் சாகலாம், பிந்தினாலும் பிந்தலாம் என்றாளாம். இதற்குத்தான் டொக்டருக்குப் படித்தது.

மச்சாள் போகிற நாளில் விமான நிலையத்துக்கு நானும் போனேன். ஒரே காரில், பின்சீட்டில், இரண்டு கரையில். உள்ளே போகிற கதவடியில் அவள் திரும்பிப் பார்த்தாள். நான் கைப்பையில் எதையோ தேடிக்கொண்டு நின்றேன். சாந்தி காரில் சொன்னாள்: "அம்மா, அந்த மாமி இனி எப்ப வரப்போறா? ஒரு சொல் கதைச்சிருக்கலாமே." நான் சன்னலைப் பார்த்தேன். சன்னலில் ஒன்றும் இல்லை, ரோட்டு வேலைக்கு வைத்த செம்மஞ்சள் கூம்புகள்தான்.

7

ஆவணி முடிந்தது. முட்டை பொரிக்கவில்லை.

இரண்டில் பச்சைப் பூஞ்சணம், எடுத்து எறிந்தேன். மற்ற இரண்டும் பார்வைக்குச் சரி, ஆனால் ஓர் அசைவும் இல்லை. டோர்ச் லைட்டைப் பிடித்துப் பார்த்தால் உள்ளே கறுப்பாகத் தெரியும். கறுப்பென்றால் குஞ்சாகவும் இருக்கலாம், அழுகினதாகவும் இருக்கலாம். நான் மனதுக்குள் பாக்கியத்தைத் திட்டிக்கொண்டே ஒவ்வொருநாளும் பார்த்தேன்.

இதற்கிடையில் கொண்டோவிலிருந்து கட்டுப்பாடுகள் எழுதின ஒரு கடதாசிக் கொத்து வந்தது, முழுக்கப் பிரெஞ்சு. சாந்தி வாசித்துவிட்டுத் தலையைப் பிடித்தாள். புதிதாகக் குடிவருகிறவர்கள் மிருகம் ஒன்றும் உள்ளே கொண்டுவரப்படாது. முன்பே இருக்கிற நாய் பூனை இருக்கலாம், இனிக் கொண்டுவருவது ஒன்றும் கூடாது. சின்னது பெரியது என்று இல்லை.

"அப்ப குஞ்சு பொரிச்சாலும்?"

"பொரிச்சாலும் கொண்டுபோகேலாது அம்மா."

எனக்கு வந்த கோபத்தில் நானே ஃபோன் எடுக்கச் சொன்னேன். சாந்தி ஸ்பீக்கரில் போட்டாள். கொண்டோக் கந்தோர்ப் பெண்ணுடைய குரல் பனி வழித்த ரோட்டு மாதிரி வழுவழுப்பு. மிருகம் இல்லை மதாம், இல்லை மதாம். நான் சாந்தியின் தோளைத் தட்டினேன். "முட்டை கொண்டு வரலாமோ எண்டு கேள்."

"அம்மா, விசரோ?"

"கேளன்."

கேட்டாள். அந்தப்பக்கம் சிரிப்பு. சாந்தி மொழிபெயர்த்தாள்: "முட்டை மிருகம் இல்லை மதாம், அது காலைச் சாப்பாடு எண்டு சொல்லுறா."

சாந்தியும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். மறுகா அடைப்பெட்டியைப் பார்த்தோம். டொக்டர் சொன்ன கணக்குப்படி என்றால் ஒரு கிழமைக்கு முதலே அதற்குள் குஞ்சு நின்றிருக்கும். மிருகமாகப் போயிருக்கும். பெரியவர்களோடு இல்-பிசாருக்குத்தான் போயிருக்கும். பிந்தினதால் இன்னும் முட்டை.

மச்சாளுடைய பேரை அப்போது ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் இரண்டுபேருக்கும் நினைவு வந்தது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் சாந்தி என்னைப் பார்க்காமல் சிரித்தாள்.

8

செங்கண்ணனையும் பொன்னியையும் இல்-பிசாருக்குக் கொண்டுபோனோம். பஸ் எப்போதாவதுதான் வருகிற இடம், மரமும் பெரிய வீடுகளும். கிழவனும் கிழவியும் வாசலுக்கு வந்து நின்றார்கள். வளவில் ஸ்ட்ரோபெரிப் பாத்தி, ஈரமான இலைக் குவியல், வெயிலும் நிழலும். குறை சொல்ல ஒன்றும் இல்லை. குறை சொல்ல ஒன்றும் கிடைக்காததுதான் எனக்கு எரிச்சல்.

பொன்னியைக் கீழே விட்டதும் இலைக்குள் போனாள். முட்டை போட்டுவிட்டுப் போகிற மாதிரியே திரும்பிப் பார்க்கவில்லை. செங்கண்ணன் நான் தூக்கினவுடன் சாத்திக்கொண்டான். இருபது வருசத்தில் என் கைக்குள் ஒருநாளும் சாத்தாதவன். புல்லில் வைத்து எவ்வளவோ நேரம் நின்றேன். திறக்கவில்லை. கிழவி பிரெஞ்சில் ஏதோ சொல்லி என் முதுகைத் தடவினாள். எனக்கு விளங்கவில்லை, விளங்காதது நல்லது.

சுதனுக்கு ஃபோனில் சொன்னேன். "ஓ, ஓகே அம்மா, நல்லம்" என்றான். அவனுடைய பெட்டியில் வந்த ஆமைகள். நல்லமாம்.

வீடு மாறுகிற நாளில் சாமான் எல்லாம் லொறியில் போனது. அடைப்பெட்டி என் மடியில். பக்கத்தில் சுடுதண்ணிப் போத்தல் ஒன்றைத் துவாயில் சுற்றி வைத்தேன். பென்சில் புள்ளி இரண்டும் மேலே பார்த்தபடி. மொன்றியல் ரோட்டைப்பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, எங்கட ஊர் ரோட்டை நினைத்துக்கொள்ளுங்கள், நடுவில் கூம்புகளை வையுங்கள். சாந்தி குழிக்குக் குழி நிறுத்தி நிறுத்தி ஓட்டினாள். பின்னால் வந்த கார்காரர் ஹோர்ன் அடித்து, கையைக் காட்டி, என்னென்னவோ செய்தார்கள்.

"அம்மா, ஆக்கள் பேசுறாங்க."

"பேசட்டும். நீ மெல்லப் போ."

லிஃப்டில் கந்தோர்ப் பெண் நின்றாள். பெட்டியைப் பார்த்தாள். நான் பார்த்தேன். "காலைச் சாப்பாடு" என்றாள், பிரெஞ்சில். அந்தளவு எனக்கு விளங்கும். "விய், மதாம்" என்றேன். ஐந்தாம் மாடிவரை இரண்டுபேரும் நேரே பார்த்துக்கொண்டு போனோம்.

9

குடிபோய் அடுத்த கிழமை ஒரு முட்டை தண்ணி விட்டு, ஓடு உள்ளே குழிந்துபோனது. அதை எறிந்தேன். மிச்சம் ஒன்று.

அந்த ஒன்றில் ஒருநாள் காலமை ஒரு கீறல். சாமி படத்துக்குப் பூ வைத்துவிட்டு வந்து பார்க்கிறேன், கீறலுக்குள்ளிருந்து மூக்கு நுனி தெரிகிறது. கோழிக்குஞ்சு மாதிரி அவசரப்படாது இது. மூக்கை வெளியே நீட்டிக்கொண்டு அன்று முழுக்க அப்படியே இருந்தது. அடுத்தநாளும் இருந்தது. உரித்து எடுத்துவிடுவேனோ என்று பயந்து கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தேன். மூன்றாம் நாள் பார்த்தால் வெளியே. பெரிய நெல்லிக்காயளவு. கபில நிறம், நடு முதுகில் ஒரு கோடு. என் விரலை மோந்து பார்த்துவிட்டு, அதுவும் சாத்தப்பார்த்தது. கீல் இன்னும் வரவில்லை, சாத்த முடியவில்லை. சும்மா தலையை மட்டும் இழுத்துக்கொண்டது.

சூடு குறைந்த முட்டையென்றால் பெரும்பாலும் ஆண்தானாம், டொக்டர் சொன்னாள். கண் சிவக்க இன்னும் வருசங்கள் கிடக்கு.

புகை வந்தால் அடிக்கிற மணியைச் சோதிக்க வந்த ஆள் குஞ்சைக் கண்டுவிட்டான். கந்தோரிலிருந்து விண்ணப்பம் வந்தது. மிருகத்தின் வகை, மிருகத்தின் பேர், எந்தத் திகதியில் கட்டிடத்துக்குள் கொண்டுவரப்பட்டது. சாந்தி பேனையோடு இருந்து பெருமூச்சு விட்டாள்.

"எப்ப உள்ள வந்தது எண்டு கேக்கினம் அம்மா. பொய் எழுதமாட்டன்."

"பொய் ஏன்? வரேல்ல எண்டு எழுது. இஞ்சதான் பிறந்தது."

"அதுக்கு இதில இடம் இல்ல."

"கரையில எழுது."

நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து பேப்பர் கிடைக்கும்வரை எத்தனை கந்தோர் வாசலில் நின்றிருப்போம். எந்தத் திகதி, எந்த வாசல், எந்த விமானம். அந்த விமானச் சீட்டின் துண்டைக்கூட அவர் சாகும்வரை வைத்திருந்தார், ஆராவது கேட்பார்கள் என்று. இங்கே பிறந்தவர்களிடம் அது ஒன்றும் கேட்பதில்லை என்று எங்களுக்குச் சொல்லித் தந்ததே இவர்கள்தான். இப்போது அதை நான் சொன்னால் கூட்டம் வைத்து முடிவு சொல்கிறார்களாம். கூட்டம் இன்னும் நடக்கவில்லை. வைக்கட்டும். அதுவரை அது மண்புழு தின்று வளரட்டும்.

பேர் என்ன என்ற இடத்தில் மட்டும் நான் சாந்தியின் கையைப் பிடித்து நிறுத்தி, நன்றாக யோசித்து, அதனுடைய பேரைத்தான் கேட்கிறார்கள் என்று உறுதிசெய்துகொண்டு சொன்னேன். பாக்கியன்.

சாந்தி அப்படியே எழுதினாள்.

நேற்றுப் பின்னேரம் அவள் வேலையில். நான் தனிய. புரட்டாதியில் இடி வருகிறது குறைவு, ஆனால் நேற்று வந்தது. ஐந்தாம் மாடியில் இடி தலைக்குமேல் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் மாதிரிச் சுவருக்கு அந்தப்பக்கம் கேட்கும். குஞ்சின் தொட்டிக்கு மேல் சூட்டு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இரண்டாவது இடிக்கு சன்னல் அதிர்ந்தது. நான் எழும்பினேன். ரீவீ வயரைக் கழற்றினேன். ஃபிரிட்ஜைக் கழற்றினேன். விளக்கின் வயரையும் கழற்றி, தொட்டிமேல் துவாயைப் போட்டு மூடிவிட்டு, கதிரையில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு ஃபோனை எடுத்தேன்.

ஊரில் விடியப்போகிற நேரம். இரண்டாம் மணியில் எடுத்துவிட்டாள்.

"ஆரது?"

"நான்தான்."

வெளியே பெரிதாக ஒன்று இடித்தது. அது அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"இடியா?" என்றாள்.

"ஓம்."

"வயரைக் கழட்டினியாகா?"

"கழட்டிட்டன்" என்றேன்.